தானாக இறங்கும் கோடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோட்டிலிருந்து கிடைத்தது. மேலே ஏறி, கூன் போட்டு, கீழே இறங்கும் கோடு. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, தண்ணீர்வழி எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டால் வருவது. அதற்குள் ஆட்களை வைப்பதுதான் என் வேலை.

முதல் தொடக்கம்: 'லிந்துலை மலைகளின் மேல் மூடுபனி—' (வேண்டாம். கோட்டுக்குப் பனி தேவையில்லை.)

2

1961, இலங்கை மலைநாடு. ஐவி, அட்டனில் கணக்கு டீச்சர். லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அண்ணன் சூசைரட்ணம் அவளை வரவழைத்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்துக் கக்கூஸ் உடைந்து ஓடையில் கலந்துகொண்டிருந்தது. கீழ் லயங்களுக்கு அந்த ஓடைத் தண்ணீர் வந்து விழும் பீலிதான் குடிதண்ணீர். நோயாளிகள் தண்ணீரை எவ்வளவு கெடுக்கிறார்கள், கெட்ட தண்ணீர் எத்தனை பேரைப் படுக்கவைக்கிறது: இரண்டையும் சேர்த்து ஐவி கோடு வரைந்தாள். (எல்லோரும் ஒரே அளவு குடிப்பதாக வைத்துக்கொண்டாள். பொய்தான். அந்த அளவு பொய் எனக்கும் வேண்டியிருக்கிறது.)

பீலியை அடைத்துவிட்டு மேல் ஊற்றிலிருந்து குழாய் போடச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் காட்டினாள்.

துரை கோட்டின் வாலில் விரல் வைத்தார். "தானா எறங்குதே. அப்புறம் கொழாய் எதுக்கு?"

ஐவி கோட்டின் கூனைத் தொட்டுக் காட்டினாள். "படுக்க ஆள் மிஞ்சாமதாங்க எறங்குது."

"கொழுந்து முத்துற நேரம். ஆள் விட முடியாது, பாக்கலாம்."

3

(இங்கே துரை மனம் மாறுவதாக ஒரு பத்தி எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.)

ஐவி நேரே பீலியடிக்குப் போனாள். கீழ் லயத்துக் கொழுந்துக்காரி பேச்சியம்மா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் மீனம்மா ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். ஐவி ஈரமண்ணில் குச்சியால் இரண்டு கோடு கிழித்தாள்.

"இது பீலிய அடைச்சா. இது அடைக்காட்டி."

"நடுவுல இம்புட்டு எடம் கெடக்கே, என்னாங்க டீச்சரம்மா அது?"

"ஆளுங்க. நம்ம ஆளுங்க."

பேச்சியம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு லயங்களுக்கு நடந்தாள். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கொழுந்து செடியிலேயே முற்றியது. துரை குழாய் போட்டார். கோடு கூன் போடும் முன்பே சரிந்தது.

4

மீனம்மா?

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் எழுந்து கஞ்சி கேட்கிறாள். மற்றதில், பேச்சியம்மா புதுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திறக்காமலே நிற்கிறாள். எத்தனை பேர் என்று ஐவியின் கணக்கு சொல்லும். யார் என்று சொல்லாது. நானும் சொல்லப்போவதில்லை.

ஆஸ்பத்திரிக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். மீனம்மாவுக்கு ஜன்னலோரக் கட்டில்.