செ-21-3 யார் என்று கேட்காதீர்கள்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. எல்லாக் கதையும் பயத்தில்தான் பிறக்கிறது என்று இலக்கியக் கூட்டங்களில் யாராவது பேசினால் நானும் கைதட்டியிருக்கிறேன். இனிமேல் தட்டமாட்டேன். நான் சொல்வது ஒரே மதியத்தில் மூன்று முறை என்னைக் கழிவறைக்கு ஓடவைத்த பயம்.

என் வேலை மதிப்பீடு. இளைஞர்களைச் சேர்த்துக் குறும்படம், குரல் நாடகம் என்று ஏதாவது செய்யவைத்து, 'ஆம்பளைன்னா இப்படி, பொம்பளைன்னா இப்படி' என்கிற எண்ணத்தை மாற்றப் பார்க்கும் அமைப்புகள் உண்டு. நிஜமாகவே மாறினார்களா என்று பார்த்து அறிக்கை எழுத என்னைக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். என் அறிக்கைகளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதிக்கொண்டும் இருந்தேன்.

போன மார்ச்சில் ஒருவன் படித்தான். சத்தமாக, தன் அப்பாவுக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'விழிதியூரிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் வெண்மதி—'

அடித்துவிட்டேன். அந்த பஸ்ஸில் ஏறும் கல்லூரிப் பெண்கள் ஐந்தே பேர். கண்டக்டரே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது: 'காரைக்கால் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் யாரோ ஒரு பெண்—'

இதையும் அடித்துவிட்டேன். யாரோ ஒரு பெண்ணுக்காக நீங்கள் ஏன் பயப்படப் போகிறீர்கள்? நீங்கள் பயப்பட வேண்டும். என்னோடு சேர்ந்து ஒருத்தராவது பயப்படாவிட்டால் இதை எழுதி எனக்கு என்ன லாபம்?

அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். ஊர் விழிதியூர். (இல்லை.) பெண் வெண்மதி, வயது இருபது. (பெயர் அதுவல்ல. வயது கிட்டத்தட்ட.) அண்ணன் செம்பியன், இருபத்து மூன்று, டவுனில் ஒரு மொபைல் கடையில் வேலை. அப்பா மருதையன், டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா செல்லம்மா. மூத்தவள் தமிழ்மொழி, கல்யாணமாகிப் போய்விட்டாள்.

மூத்தவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் போனில், கூடப் படித்த பையன் ஒருவனின் நம்பர் இருந்தது. அப்பா அதைப் பார்த்த இருபத்திரண்டாம் நாள் அவளுக்குக் கல்யாணம். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. இதை என்னிடம் சொன்னவர் அம்மாதான். 'அதுக்கப்பறம் வீட்ல பொம்பளப் புள்ளைக்குப் போனே கெடையாதுங்க' என்று முடித்துவிட்டு எனக்கு மோர் கொண்டுவரப் போனார்.

3

திட்டம் இதுதான். பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு பெண்கள். ஞாயிறுதோறும் கூடி, தாங்களே எழுதி, தாங்களே பேசி, எட்டுப் பகுதிக் குரல் நாடகம் ஒன்று செய்ய வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அஸ்ஃபியா, காரைக்கால் பெண், வாப்பா துபாயில். இருபத்தெட்டு வயதில் இருபத்து நாலு பேரை மேய்க்கிற பொறுமை எனக்கு ஐம்பதிலும் வரவில்லை.

அஸ்ஃபியா ஒரு விதி வைத்திருந்தாள். பெண் வேஷத்துக்குப் பையன்தான் குரல் கொடுக்க வேண்டும், ஆண் வேஷத்துக்குப் பெண்தான். குரலை மெலிதாக்கிக் கேலி செய்தால் அந்தப் பதிவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாம் பகுதியில் கதாநாயகி, தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்குத் தானே போன் செய்து, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிறாள். வசனம் எழுதியது வெண்மதி. பேசியது செம்பியன்.

பதினோரு முறை பதிவு செய்தார்கள். முதல் எட்டு முறை மற்ற பையன்கள் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். ஒன்பதாவது முறை வெண்மதி எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பதினோராவது பதிவை நான் கேட்டிருக்கிறேன். 'நீங்க நல்லவரா இருக்கலாங்க. ஆனா என்ன யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்' என்கிறான் செம்பியன், தன் சொந்தக் குரலில். அதில் ஒரு நடுக்கம் இருக்கிறது.

(இந்த இடத்தில் 'அந்த நடுக்கத்தில் ஒரு புதிய ஆண் பிறந்தான்' என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டேன். பதினோரு முறை ஒரே வசனத்தைப் பேசினால் யாருக்கும் குரல் நடுங்கும்.)

4

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று மூன்று வாரம் யோசித்தேன். முடியாது. குற்றம் என்னுடையது.

திட்டம் தொடங்கும்போது ஒரு படிவம், முடிந்ததும் அதே படிவம். மொத்தம் இருபது வாக்கியங்கள். சம்மதமா, இல்லையா என்று குறிக்க வேண்டும். பெயர் எழுதக்கூடாது. பெயர் இல்லாவிட்டால் முதல் படிவமும் இரண்டாம் படிவமும் ஒரே ஆளுடையவை என்று எப்படித் தெரியும்? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அம்மா பெயரின் முதல் எழுத்து, உங்கள் பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பிள்ளைகள். இந்த மூன்றையும் சேர்த்தால் ரகசியக் குறியீடு.

பெருநகரங்களில் இது ரகசியம்தான். அங்கே யாருக்கும் யார் அம்மா பெயரும் தெரியாது. விழிதியூரிலோ தெருவில் போகிற ஆட்டின் அம்மா எது என்றுகூடச் சொல்வார்கள். இருபத்து நாலு பேரில் 'செ' எழுத்து அம்மா இரண்டு பேருக்குத்தான், அதுவும் ஒரே அம்மா. செ-9-3 அண்ணன். செ-21-3 தங்கை.

படிவத்தின் கடைசிக் கேள்வி: 'முன்பு செய்யத் துணியாத எதையாவது இந்த ஆறு மாதத்தில் செய்தீர்களா?' பெரும்பாலோர் 'தைரியமாகப் பேசினேன்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். செ-21-3 எழுதியிருந்தாள்:

'என்னப் பொண்ணு பாத்துட்டுப் போன நெரவி மாப்பிள்ளைக்கு, நாடகம் பதிவு பண்ற போன்லேருந்தே நான் பேசினேன். நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கன்னு கேட்டேன். ஜாதகம் சரியில்லன்னு சொல்லிட்டாரு. வீட்ல யாருக்கும் தெரியாது.'

படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சந்தோஷத்தில்! மனசு மாறியது என்று யாரும் எழுதிவிடலாம், செய்கையே மாறியதற்கு இப்படி ஒரு சான்று ஆயிரம் படிவத்தில் ஒன்று கிடைக்காது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி, ஒரு சொல் விடாமல் போட்டேன். 'வீட்ல யாருக்கும் தெரியாது' என்பதையும் போட்டேன். மேலே, சான்றுக்கு மூலம் காட்ட வேண்டும் அல்லவா, குறியீட்டையும் போட்டேன்.

5

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கூட்டத்துக்காகக் காரைக்காலில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். மதியம் ஒரு மணிக்கு வாட்ஸப் குழுவைத் திறந்தால், முந்தின நாளே அஸ்ஃபியா என் வரைவு அறிக்கையை இருபத்து நாலு பேருக்கும் அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே செம்பியன்:

'பன்னண்டாம் பக்கம் பாருங்க மக்களே! பசங்கள்ல ரொம்ப மாறுனது செ-9-3, அது நான்தான்! அப்பாட்ட சொன்னேன். சாப்புட்டதும் முழுசாப் படிச்சுக் காட்டச் சொல்லிருக்காரு.'

பதினேழு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். பதினெட்டாவதாக நானும் போடப் போனேன். விரல் பாதியில் நின்றது. 'வீட்டில் எத்தனை பிள்ளைகள்?' என்று என் படிவமே காதருகே கேட்டமாதிரி இருந்தது.

அஸ்ஃபியாவைக் கூப்பிட்டேன். "ஏம்மா அனுப்பினே?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, முடிவ முதல்ல புள்ளைங்களுக்கே திருப்பிக் காட்டணும், அதான் மரியாதன்னு?"

நான்தான் சொன்னேன். ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வேன்.

"முப்பத்தொன்னாம் பக்கம் பாரு."

அவள் பக்கத்தைத் தேடித் திறந்தாள். பிறகு, "யா அல்லாஹ்" என்றாள். "அழிச்சிடுறேன் மேடம், எல்லாருக்கும் அழிச்சிடுறேன்."

அழித்தாள். செம்பியன் ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பான். போன் அடித்தோம், எடுக்கவில்லை. வெண்மதிக்குச் சொல்லலாம் என்றால் அவளிடம் போன் கிடையாது. (இரண்டாம் பகுதியில் சொன்னேன். மோர்.)

"கீழ வாங்க மேடம், ஸ்கூட்டி எடுத்துட்டு வர்றேன்" என்றாள் அஸ்ஃபியா.

6

ஸ்கூட்டியில் போகும் இருபத்தைந்து நிமிடத்தை இங்கே விரிவாக எழுதலாம். நெரவி தாண்டியதும் வயல், உளுந்து, வெயில். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தலைக்குள் ஓடியது, படிவத்தின் பதினாலாவது வாக்கியம்: 'தங்கையின் கல்யாண விஷயத்தில் அண்ணன் தலையிடுவது சரியே.'

செம்பியன் முதல் முறை 'முழுச் சம்மதம்' என்று குறித்திருந்தான். இரண்டாம் முறை 'சம்மதமே இல்லை.' அவன்தான் என் பன்னிரண்டாம் பக்கத்து நாயகன்.

ஆனால் ஆறு மாதம் கூட உட்கார்ந்து டீ குடித்தால், மேடத்துக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் பதினெட்டு வருடமாக எண்களைக் கூட்டி எழுதுகிறேன். என் அளவுகோல் உண்மையா என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பொய்யென்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அது பொய்யென்றால் ஒரு பெண்ணுக்குப் படிப்பு போகும். இருபத்திரண்டு நாள்கூடக் கொடுக்கமாட்டார்கள். கடவுளே, நான் எழுதியது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தன் அறிக்கை நிஜமாக இருக்கட்டும் என்று எந்த மதிப்பீட்டாளராவது சாமி கும்பிட்டு நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள்.

7

வீட்டு வாசலுக்கு எதிரே ஸ்கூட்டியை நிறுத்தியதும் அவன் குரல் கேட்டது.

கதவு திறந்திருந்தது. மருதையன் பிளாஸ்டிக் நாற்காலியில், மகன் தரையில், கையில் போன். மின்விசிறி ஓடியது. உள்ளே சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஆகவே கழுவுவது யார் என்று தெரிந்தது. எங்களை யாரும் பார்க்கவில்லை.

"'பங்கேற்பாளர்களின் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது.'"

"அப்டின்னா?"

"நாங்கள்லாம் மாறிட்டோம்னு அர்த்தம்ப்பா."

"ம். நல்லா எழுதிருக்காங்க. மேல படி. இது எத்தனாம் பக்கம்?"

"முப்பது முடிஞ்சுதுப்பா."

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டான். அஸ்ஃபியா என் முழங்கையைப் பிடித்த இடத்தில் மறுநாள் வரை நகக்குறி இருந்தது.

"'நடத்தை மாற்றத்துக்கான சான்று'" என்று அவன் தொடங்கினான். "'செ…'"

நிறுத்தினான்.

உள்ளே தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மருதையன். "படி."

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவன் திரையைத் தள்ளிவிட்டு முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து படித்தான்.

ஆ) அவன் உள்ளதை உள்ளபடி படித்தான்.

இ) அவன் பக்கத்தைத் தள்ளவில்லை. என் அறிக்கைத் தமிழிலேயே, தங்குதடையில்லாமல், அங்கே இல்லாத ஒன்றைப் படித்தான்: 'மேலும் இளைஞர்கள் குறித்த நேரத்துக்கு வரவும், பொருள்களைப் பொறுப்புடன் கையாளவும் பழகினர்.'

மூன்றில் ஒன்று நடந்தது. நானும் அஸ்ஃபியாவும் காதால் கேட்டோம். எது என்று சொல்லமாட்டேன்.

அ என்றோ இ என்றோ சொன்னால், இந்தக் கதையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது மருதையனுக்குப் படித்துக் காட்டுவார்கள். ஆ என்று சொன்னால், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல அவள்தான் இருக்கிறாள். அவள் சொன்னதை ஒருமுறை அவளைக் கேட்காமல் எழுதியது போதும்.

(ரகசியம் காப்பாற்றப்பட்டதால்தான் இவள் மறைக்கிறாள், ஆக ஆ நடக்கவில்லை என்று கணக்குப் போடுகிறீர்களா? போடாதீர்கள். எழுதினாலும் மாட்டிக்கொள்கிறேன், எழுதாமல் விட்டாலும் மாட்டிக்கொள்கிறேன்.)

இறுதி அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை. அதற்குப் பதில், 'நடத்தை மாற்றத்துக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை' என்று ஒரே வரி எழுதினேன். அதைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் திட்டத்தை நீட்டிக்கவில்லை, அஸ்ஃபியா வேறு வேலை தேடுகிறாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

9

ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், குறியீட்டையும் மாற்றினேன். அந்த போன் அழைப்பை மட்டும் மாற்ற முடியவில்லை. அதை எடுத்தால் கதையே இல்லை. வைத்தால் அவள் தெரிகிறாள்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். வேறு வழியில்லாமல்தான் விடுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்திருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லி, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நீங்கள் இந்தக் கதையை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று படித்துக்கொண்டு வருகிறீர்கள். அவர் ரசிக்கிறார். நான்காம் பகுதி வந்துவிட்டது.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்கிறார் அவர். "படி."