உப்பு பார்க்கப் போனவள்

தென்னந்தோப்பில் மிசினைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தாள் மகாலட்சுமி. வன்னியம்பட்டித் தெருவே பார்த்தது. புருஷன் செத்த சேதி கேட்டவள் மாரில் அடித்துக்கொண்டல்லவா வர வேண்டும்? இவள் முந்தானையால் கழுத்தை மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மின்காந்த அலை விட்டு, மண்ணுக்குள் எங்கே உப்பு ஏறியிருக்கிறதென்று பார்க்கிற மிசின் அது. ராஜபாளையத்திலிருந்து அதைக் கொண்டுவந்த எட்வின் காலையிலேயே சொல்லியிருந்தான்: "இழுத்துட்டு நடக்கிறவங்க மேல ஒரு பொட்டு மெட்டல் இருக்கக் கூடாதுக்கா, தங்கமானாலும். ரீடிங் தப்பாயிரும்."

கூலியாள் வரவில்லை. கைகால் விழுந்து கட்டிலில் கிடந்த ஐயாதுரைக்குத்தான் அவசரம். மேற்கே தென்னைகள் பட்டுக்கொண்டு வருவது அவருக்குத் தன் நோயைவிடப் பெரிய நோய்.

"நீயே நட. தாலியக் கழட்டி எங்கிட்ட வச்சுட்டுப் போ. கட்டுனவன் நான் சொல்லுதேன், எவ கேக்கப் போறா?"

கயிற்றை அவிழ்த்து அவர் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். எவ கேக்கப் போறாளாம்! இந்தத் தெருவில் கேட்காதவள் எவள்? சொன்ன ஒரே சாட்சியும் இப்போது கண்ணை மூடியாயிற்று. 'உசுரோட இருக்கையிலயே கழட்டுனா, அதான் போயிட்டாரு' என்று ஒருத்தி ஆரம்பித்தால், பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் ஓடும்.

கட்டிலைப் பெண்கள் மொய்த்திருந்தார்கள். மகாலட்சுமி இந்தப் பக்கம் போனாள், அந்தப் பக்கம் வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"செத்த நேரம் உக்காரு தாயி" என்றாள் ஒருத்தி.

தலைமாட்டில் ஐயாதுரையின் அக்கா பாலம்மாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். குளிப்பாட்டத் தூக்க வேண்டுமென்று தலையணையை உருவியவள் கை அப்படியே நின்றது. கீழே பார்த்தாள். மகாலட்சுமியின் கழுத்தைப் பார்த்தாள். ஒப்பாரி நின்றுபோனது.

பிறகு, "எந்தம்பியப் பறிகுடுத்தோமே" என்று மகாலட்சுமி மேல் விழுந்து, தன் சேலையால் மூடிக் கட்டிக்கொண்டாள்.

"அவந்தான் கழட்டச் சொன்னானாட்டி?" காதோடு கேட்டாள்.

"ஆமா மதினி."

"கிறுக்குப் பய."

பாலம்மாளின் விரல்கள் தாலிக்கயிற்றோடு மகாலட்சுமியின் பிடரியில் ஓடின. முடிச்சுப் போடுவது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணத்தன்றும் நாத்தனார் முடிச்சு அவளுடையதுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார்கள். அதனால்தான் எல்லோருக்கும் தெரியும்.

பந்தலில் கேதத்துக்கு வந்த ஆம்பிளைகள் எட்வினின் டேப்லெட்டைச் சுற்றி நின்றார்கள். மகாலட்சுமி நடந்த பாதித் தோப்பு உப்பேறிச் சிவப்பாக இருந்தது, நடக்காத மீதி வெறும் வெள்ளை. "எங்க தோட்டத்துக்கும் பாக்க எம்புட்டு ஆகும் தம்பி?"

பொழுது சாய, மகாலட்சுமி கழுத்திலிருந்து தாலி வாங்கும் நேரம் வந்தது. பாலம்மாள் போட்ட முடிச்சு பாலம்மாளுக்கே அவிழவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தாள்.

யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.