பதினெட்டு அடி தண்ணீர்

2017 கோடையில், ஒரு பௌர்ணமி கழிந்த மறுநாள் காலை, கீழ்பென்னாத்தூரைத் தாண்டியுள்ள, தமிழ்ச் சமணர்களான நயினார்கள் வாழும் ஊர் ஒன்றின் வறண்ட பொதுக்கிணற்றில் பதினெட்டு அடி தண்ணீர் நின்றது. மழை பெய்யவில்லை. திருவண்ணாமலையில் ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் பிள்ளைகள் தங்கள் ரெகார்ட் நோட்டில் அப்படி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எழுதச் சொன்னவள் அந்த ஊரிலேயே பிறந்த பேராசிரியை ஜெயமதி. சூத்திரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒழுகும் குழாயை மூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமை. பிரின்சிபாலோடு மல்லுக்கட்டி, வெளியே போய் நிஜமான சிக்கலைத் தீர்க்கும் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பாடம் தொடங்கிய வருடத்துப் பிள்ளைகள் ஒழுங்காகப் போய் அவளுடைய ஊர்க் கிணற்றை அளந்தார்கள். அது வெள்ள வருடம், பதினெட்டு அடி. அதன்பின் கிணறு வறண்டது. ஏன் வறண்டது, என்ன செய்யலாம் என்பது அடுத்து வந்தவர்களுக்கான கேள்வி. அவர்கள் கிளம்பிய நாளோ பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சீனியரின் நோட்டை அப்படியே பார்த்து எழுதினார்கள். இளவரசன் என்பவன் சீனியரின் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தான்.

ஜெயமதிக்கு வந்த கோபத்தில் நோட்டுகள் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்தாள். சற்று நேரத்தில் ஊரில் மோட்டார் போடும் அப்பாதுரை போன் செய்தார். "ஜெயமதிம்மா, காலைல கெணறு ரொம்பி இருந்துச்சு. இப்ப பாத்தா ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. மோட்டாரு வெறும் காத்த இழுக்குது."

அவள் பொறியாளர் அல்லவா, சோதித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் தண்ணீர் வந்தது, அடித்தால் போனது. மூன்று முறையும் அப்படியே. பதினாறு வயதில் பொய் சொல்வதில்லை என்று நோன்பு ஏற்றவள் அவள். அன்று மாலை முப்பத்திரண்டு பொய்களில் கையெழுத்திட்டுவிட்டு, பொழுது சாயும்முன் சாப்பிட வேண்டிய சாப்பாட்டைச் சாப்பிடாமலே படுத்தாள்.

ஆறு வருடம் இப்படிப் போனது. ஊரில் நெல்லும் மணிலாக் கடலையும் விளைந்தன. பிள்ளைகள் எதையும் அளக்காமலே பட்டம் வாங்கினார்கள். இளவரசன் சென்னையில் ஒரு கட்டடத்தின் அஸ்திவார ஆழத்தைக் கற்பனையில் எழுதி வேலையை இழந்தான்.

2023-இல் கவியா என்ற மாணவி மட்டும், முதல் நாள் பாடத்தை நம்பி, ஸ்கூட்டரில் போய்க் கிணற்றில் டேப்பை இறக்கினாள். கண்ணுக்குத் தண்ணீர் தெரிந்தது, வாளிக்கும் எட்டியது. டேப் மட்டும் அடிப்பாறையைத் தொட்டு, காய்ந்தே மேலே வந்தது. இரண்டு முறை அளந்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதினாள். அந்த நொடியே கிணறு வற்றியது. நடவு முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஜெயமதி அவளை அறைக்கு அழைத்து, அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடித்தாள். தன் வாழ்நாளில் அவள் திருத்திய ஒரே சரியான விடை அதுதான்.

"பதினெட்டுன்னு எழுதிக் குடுத்துடும்மா."

"அளக்காதத எழுதாதீங்கன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல."

கிணற்றடியில் நட்ட வயல்களைப் பார்த்துவிட்டு வந்திருந்த கவியா பதினெட்டு என்று எழுதினாள். ஊரில் மோட்டார் தண்ணீரை இழுத்தது. கவியாவுக்கு முழு மதிப்பெண். அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் ஒருத்திக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது ஜெயமதிக்குத் தெரியும். அதை நினைத்து அவள் அழுததும் உண்டு.

ஊருக்குப் போனால் அந்தத் தண்ணீரை வழக்கப்படி துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறாள். நல்ல தண்ணீர்தான். இப்போதெல்லாம் கிணறு அளக்கப் போகும் தேதியைக் குறிக்கும்முன் காலண்டரில் பௌர்ணமி எந்த நாள் என்று பார்க்கிறாள். பார்த்து, அந்த நாளையே குறிக்கிறாள்.