நடுவழிப் பெஞ்சு

மண் சரிந்து மூடிக் கிடந்த மலைப்பாதையை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதுமே மேட்ரன் சம்பந்தியம்மாளை மலையேறக் கூப்பிட்டுப் போன் போட்டுவிட்டார். மருத்துவமனையில் வார்டையே அதட்டி ஓய்வுபெற்றவர். வீட்டிலும் அதே பெயர்தான். மகன் கல்யாணத்தில் அவர் சொன்ன ஒரு சொல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

“எங்க குடும்பத்துல யாரும் அந்த நடுவழிப் பெஞ்சுல உக்காந்ததில்ல, சம்பந்தியம்மா. ஏறினா உச்சிதான்.”

அதில் ஒரே ஓர் ஓட்டை. அவருடைய கணவர். கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மனிதர் ஒருமுறைகூட அந்தப் பெஞ்சைத் தாண்டியதில்லை. பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார். மற்றவர்கள் இறங்கி வரும்போது, “மேல குளிரா?” என்று விசாரிப்பார்.

“இன்னிக்கு மட்டும் உக்காந்துடாதீங்க. என் மானம் கப்பலேறிடும்” என்று கிளம்பும்போதே அவரை எச்சரித்தார் மேட்ரன்.

“நான் எங்க உக்காரப் போறேன்? படுக்கத்தான் போறேன்.”

அடிவாரத்தில் புதிதாக ஓர் அறிவிப்புப் பலகை. மகன் நின்று படித்தான். “அம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னா...”

“இந்தப் பாதைக்கு எனக்கே போர்டா? நட!”

மகன் அப்பாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். மருமகள் ஏனோ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெண்மணிகள் இருவரும் முன்னால் விறுவிறுவென்று ஏறினார்கள். சம்பந்தியம்மாள் சொந்தமாக பேக்கரி நடத்துபவர். மாவு பிசைந்து பிசைந்து கை உரமேறியிருந்தது. கால் பாவம், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற பரம்பரை இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மேட்ரனோ நின்று நின்று பறவை பார்த்தார். பனிமூட்டம் இறங்கி, பக்கத்து மரமே தெரியவில்லை.

“என்ன பறவை, சம்பந்தியம்மா?”

“அழகான பறவை.”

பாதையைப் புதிதாக வளைத்து வளைத்து வெட்டியிருந்தார்கள். பெஞ்சு வந்ததும் அதைப் பாராததுபோலத் தலை நிமிர்ந்து கடக்க வேண்டும் என்று மேட்ரன் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார். பெஞ்சு வந்தால்தானே! அது வராதவரை பாதிகூட ஆகவில்லை என்று அர்த்தம். நாக்கு தள்ளியது. முழங்கால்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. வார்டில் எத்தனை பேரை இப்படி விரட்டி நடக்க வைத்தோம் என்று முதல்முறையாக இரக்கம் பிறந்தது.

கடைசியில் பனிக்குள்ளிருந்து பெஞ்சு வந்தது. இருவரும் நின்றார்கள். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

“சம்பந்தியம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சீக்கிரம் சொல்லுங்க!”

“யாருக்கும் தெரிய வேண்டாம்.”

தொப்பென்று ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். மானம் போவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று மேட்ரனுக்கு இத்தனை வயதாகியும் தெரியாது. சம்பந்தியம்மாள் ஷூவையே கழற்றிவிட்டு, “லேஸ் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். “பறவையும் இல்ல” என்றார் மேட்ரன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது கீழே ஒரு குரல். “எங்கடா என் பெஞ்சு? எவன்டா தூக்கிட்டுப் போனான்?”

மேட்ரன் எழப் பார்த்தார். கால் மறுத்துவிட்டது. கணவர் புஸ்புஸ்ஸென்று வந்து நின்றார். பின்னால் மகனும் மருமகளும்.

“மேட்ரன்! நீயா உக்காந்திருக்க!”

இனி என்ன சொல்லி என்ன? குடும்பப் பெயர் போனது போனதுதான். மேட்ரன் தலை குனிந்தார். சுளீரென்று ஒரு காற்று வந்து பனியைக் கிழித்தது. கீழே ஊர் முழுக்கக் கூரை கூரையாகக் கிடந்தது. மேலே வானம். ஏறுவதற்கு இனி ஒன்றுமே இல்லை.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “போர்டுல போட்டிருந்ததும்மா. மண் சரிஞ்ச எடத்துலேர்ந்து பெஞ்சை எடுத்து உச்சில போட்டுட்டாங்களாம். சொல்லியிருந்தா அப்பா ஏறியிருப்பாரா?”

மேட்ரனின் முதுகு கம்பிபோல நிமிர்ந்தது.

“பாத்தீங்களா, சம்பந்தியம்மா? எங்க குடும்பத்துல யாரும் நடுவழியில உக்காரல!”

“உக்காரவே இல்ல!” என்று சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாட்சி சொன்னார்.

கணவர் மட்டும் விளிம்புவரை போய், ஊரை வாய் பிளந்து பார்த்துவிட்டு, நடுங்கியபடி திரும்பி வந்தார்.

“குளிர்தான்” என்றார். “ரெண்டு பேரும் எந்திரிங்க. நான் படுக்கணும்.”