ஓனரம்மா

கேலியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. பெண் விவசாயிகள் டிராக்டர் வாங்க அரசாங்கம் பாதி விலையை மானியமாகத் தருகிறது என்று அறிவிப்பு வந்ததும், முதலாளி தன் டிரைவரைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரி பேர்ல ஒண்ணு எடுத்துக்கலாமாடா?" என்று கேட்டார். முந்தைய திட்டங்களில் அவர் பெயரிலும் அவர் மனைவி பெயரிலும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. டிரைவர் மனைவிக்கு அவள் அப்பா விட்டுப்போன துண்டு நிலம் இருந்தது. கிணறுகூட இல்லாத வெறும் கரம்பு. மானிய விதிக்கு அது போதும். முதலாளி பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத டிரைவர் தலையாட்டினான். அவளும் போய், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவன் அந்த வண்டியை ஓட்ட முதலாளி வயலுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "ஓனரம்மா, இன்னிக்கு லீவு குடுப்பீங்களா?" என்பான். "சம்பளத்தப் பிடிச்சுடுவேன்" என்பாள் அவள். அக்கம்பக்கத்தார் காதில் விழுந்து, அவள் ஊருக்கே ஓனரம்மா ஆகிப்போனாள். களை எடுக்கப் போகும் இடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம், முதலாளியின் மேட்டு வயலில் வரப்பு சரிந்து டிராக்டர் கவிழ்ந்தது. டிரைவர் அடியில் மாட்டிக்கொண்டான். ஆட்கள் ஓடிவந்து வண்டியை நிமிர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி ஒரு குறையும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாய்விட்டு அழுதார். அடக்கச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

வேலையில் இறந்தவன் குடும்பத்துக்கு வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டுமாம் என்று நாத்தனார் எங்கோ விசாரித்து வந்து சொன்னாள். இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கிருந்த ஏட்டு பொறுமையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வண்டியின் காகிதங்களைப் புரட்டியவர், அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வண்டி உங்க பேர்ல இருக்கும்மா. அவர வேலைக்கு வெச்சது யாருன்னு கேட்டா, காகிதப்படி நீங்கதான்."

நாத்தனார் சண்டைக்குப் போகப் பார்த்தாள். ஓனரம்மா அவள் கையைப் பிடித்து அடக்கினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாசலில் நின்று லீவு கேட்டவனுக்கு ஒரு நாளாவது சரி என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

கொஞ்ச நாளில் முதலாளி வீடு தேடி வந்தார். வண்டி ஸ்டேஷனில் வெயிலில் கிடக்கிறது, விதைப்பு நெருங்குகிறது, பெயர் மாற்றிக் கொடுத்தால் அவளுக்கும் ஏதாவது செய்வதாகச் சொன்னார். மனசாட்சி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது.

"கையெழுத்துப் போடுறேங்கய்யா" என்றாள் அவள். "உங்க வயல்ல, உங்க வேலை பார்க்கறப்பதான் அவரு செத்தாருன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. பணம்கூட வேண்டாம்."

"அப்படி எழுதினா மானிய விஷயம் வெளியில வந்துடும்மா. உன் மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவளும் கையெழுத்துப் போடவில்லை. வண்டி கிடந்த இடத்திலேயே துருப்பிடித்தது. முதலாளியின் வயல்களில் அவளுக்கு வேலை நின்றுபோனது. பக்கத்து ஊருக்கு நடந்தாள். கரம்பில் கிணறு வெட்ட மானியம் கேட்டுப் போனபோது, ஏற்கெனவே டிராக்டர் வாங்கிய பெரிய பயனாளி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மறு வருஷம் முதலாளி வீட்டுச் சமையல்காரி யாருக்கும் தெரியாமல் அவளைத் தேடி வந்தாள். புது வண்டிக்குத் தன் பெயரைக் கேட்கிறார்கள், தன் புருஷன்தான் ஓட்டப்போகிறான் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"கையெழுத்துப் போடாதடி."

"போடலன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்க்கா."

ஓனரம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "மழை பேஞ்ச அன்னிக்காவது அவர மேட்டு வயலுக்கு அனுப்பாத" என்றாள்.

சமையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் கையிலயா இருக்கு?"