முயல் படத்துக்குப் போட்ட துவாய்

நேசமலர் ரீச்சர் ஒரு முடிவை எடுத்துவிட்டால் பிறகு அக்கராயன் ஊரே திரண்டு வந்து கெஞ்சினாலும் அது அசையாது. வாய்க்கால் கரையோரத்தில் அவள் நடத்திய பாலர் பாடசாலையே அப்படி ஒற்றைக்காலில் நின்று வாங்கியதுதான். பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றைக் கேட்டு வாங்கி, எலிப் புழுக்கையைக் கூட்டி அள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தன் கையாலேயே வாத்தும் மயிலும் கீறினாள். ஒரு வருஷத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. சண்டைக் கதை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அது 1986ஆம் ஆண்டு. ஆனையிறவு இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர்கள் வரத் தொடங்கியிருந்த காலம். ஊர் அதைச் சுருக்கி 'கெலி' என்று சொல்லப் பழகியிருந்தது. போன மாதம் ஒரு பின்னேரம் கெலி தாழப் பறந்து வந்து சுட்டுவிட்டுப் போனதில் தெருவில் நின்ற இரண்டு மாடுகள் செத்துப்போயின. அடுத்த நாள் காலை பிள்ளைகள் அதைப்பற்றி வாயைத் திறக்குமுன்பே நேசமலர் கையைத் தட்டிப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். "வெளியிலை நடக்கிறது வெளியிலை நிக்கட்டும். என்ர கதவுக்கு உள்ளை பாட்டும் விளையாட்டும்தான்" என்று பெற்றோர் கூட்டத்தில் அடித்துச் சொன்னாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவளுடன் வாதாடி வென்றவர்கள் ஊரில் குறைவு.

பாடசாலை தொடங்கி ஒரு வருஷம் நிறைந்ததற்குப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கிளிநொச்சியில் ரிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிற யோகநாதனிடம் போனாள். அவன் கடையின் அலுமாரி நிறையக் கசெற்றுகள். எல்லாம் பெரியவர்கள் பார்க்கிறவை. கீறின படம், அதாவது கார்ட்டூன், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாவாடை கட்டின முயல்கள் ஒரு பள்ளத்தாக்கில் கிழங்கு நடுகின்றன. நரிகள் சுழலுகிற இறக்கை வைத்த யந்திரங்களில் ஏறி வந்து அவற்றின் ஊரைக் கொளுத்துகின்றன. கடைசியில் முயல்கள் வெல்கின்றன.

"முதல்லை நான் பாக்கவேணும், தம்பி. பாக்காமல் ஒரு படமும் என்ர பிள்ளையளுக்குக் காட்டமாட்டன்" என்றாள் நேசமலர்.

கடையின் மறுபக்கத்தில் யாரோ பாட்டுக் கசெற் பதிவித்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் யோகநாதன் ரிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் போட்டான். நேசமலருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. விளங்காத பாஷைப் படத்துக்குச் சத்தம் இருந்தென்ன, விட்டென்ன? கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு, கண்வெட்டாமல் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"உது சரிவராது. மூண்டு இடத்திலை சண்டை கிடக்கு."

யோகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீறின சண்டை, ரீச்சர். பென்சிலாலை கீறிக் கலர் அடிச்சது. உதுக்கு ஆர் பயப்பிடுவினம்? எங்கட பிள்ளையள் உண்மையான கெலியையே பாத்ததுகள்."

"அதாலைதான் சொல்லுறன். பாக்காத பிள்ளையெண்டால் சிரிச்சுப்போட்டுப் போகும். எங்கட பிள்ளையளுக்கு இது போன மாசம் நடந்தது."

"அப்ப படத்தை விடுவம்."

விடுவதா? இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரு மாதமாக அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "எப்ப ரீச்சர் படம்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நேசமலர் அவனுடைய தோளில் கிடந்த, முகம் துடைக்கிற துவாயைப் பார்த்தாள். யோகநாதனையும் அவனுடைய துவாயையும் தெரியாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஊர்களில் படம் போடும்போது காதலனும் காதலியும் நெருங்கி வந்தால், எங்கிருந்தோ பாய்ந்து வந்து துவாயை ரிவிக்கு மேலே போட்டு மறைத்துவிடுவான். விலகிப் போனதும் எடுப்பான். இளந்தாரிகள் கூச்சல் போடுவார்கள். பெரியவர்களுக்குத் திருப்தி. இந்த ஒரு காரியத்துக்காகவே மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களும் உண்டு என்று அவன் சொல்லித் திரிவான்.

"முத்தத்துக்குப் போடுற துவாயைச் சண்டைக்குப் போட்டால் என்ன?" என்றாள் நேசமலர்.

அப்படி ஒருவரும் யோகநாதனிடம் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வெட்டுக்குத்தையும் தீயையும் துவாய் போடாமலே காட்டியிருக்கிறான். "நீங்கள் சொன்னால் சரி, ரீச்சர்" என்றான். நேசமலர் படத்தைத் திரும்பவும் ஓடவிட்டு, கைமணிக்கூட்டைப் பார்த்து, மூன்று இடத்தின் நேரத்தையும் கொப்பியில் குறித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் தானாகவே ஓடினதுபோல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

செய்தி ஊரில் பரவியதும் வடிவம்மா பிள்ளையை அனுப்ப மறுத்துவிட்டாள்.

வடிவம்மா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டோடு சேர்த்து இருந்ததெல்லாம் எரிந்துபோக, உடுத்த சேலையோடு வன்னிக்கு வந்தவர்களில் ஒருத்தி. அந்தக் குடியிருப்பிலிருந்து பாலர் பாடசாலைக்கு வந்த முதல் பிள்ளை அவளுடைய ஐந்து வயது மகள் சிவலட்சுமிதான். நேசமலர் ஆறு மாதம் நடையாய் நடந்து கூட்டி வந்த பிள்ளை. இவளைப் பார்த்துத்தான் பக்கத்து வீடுகளில் இன்னும் நான்கு பேர் வரலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவள் வராமல் நின்றால் அந்தக் கரையிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். அது நேசமலருக்குத் தெரியும். அதனால் அன்று பின்னேரமே வடிவம்மாவிடம் போனாள்.

வடிவம்மா மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கையைத் துடைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். சண்டைப் படமுன்னு சொல்றாங்க. மாடு செத்தன்னிக்கு இவளும் ரோட்டுலதான் நின்னா. அன்னையிலேருந்து ராத்திரியில என் சீலையப் புடிச்சுக்கிட்டுத்தான் படுப்பா. இப்பத்தான் ஒரு வாரமா நல்லா தூங்குறா. திரும்பவும் பயந்துட்டான்னா நான் எங்கயுமே அனுப்பமாட்டேங்க. என் பக்கத்துலயே வச்சுக்குவேன்."

"சண்டை ஒண்டும் அவளின்ர கண்ணிலை படாது. நானே நிண்டு மறைப்பன்" என்றாள் நேசமலர். "பிள்ளை பயந்தால் என்னைக் கேளுங்கோ. இது என்ர வாக்கு."

வடிவம்மா பிடுங்கின களையை வரப்பில் உதறிப் போட்டாள். "நீங்க சொன்னா சரிங்க டீச்சர்" என்றாள். அந்த ஊரில் எல்லோரும் கடைசியில் அவளிடம் அதைத்தான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யோகநாதன் லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரத்தில் எல்லாவற்றையும் ஏற்றி வந்து இறக்கினான். ஜெனரேற்றரை வேலிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான். வெளிச்சம் தெறிக்காமல் யன்னலுக்குச் சாக்குக் கட்டினான். ஜெனரேற்றரின் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்று ரிவியின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினான். பிள்ளைகள் வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிவலட்சுமிக்கு முன்வாங்கில் இடம். நேசமலர் ரிவியின் பக்கத்தில் ஒரு கையில் கொப்பியும் மறுகையில் துவாயுமாக நின்றாள். யோகநாதனை நம்பி விட அவளுக்கு மனமில்லை. அவன் முத்தத்துக்குப் பழகியவன், சண்டைக்கு நேரம் தவறிவிடுவான்.

முயல்கள் வந்தன. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகக் கிழங்கு நட்டன. ஒரு குண்டு முயல் சேற்றில் வழுக்கி விழுந்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவலட்சுமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நேசமலருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதைத்தானே வேண்டியிருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். முதலாவது இடம். மலைக்குப் பின்னால் நரிகளின் யந்திரம் தலைகாட்டுவதற்கு ஒரு நொடி முன்னதாகவே துவாயை வீசி மறைத்தாள். அச்சொட்டான மறைப்பு. ஒரு நரியின் காதுகூட வெளியே தெரியவில்லை.

துவாய்க்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது. டப டப டப டப.

தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, தலைக்கு மேலே நின்று சுழன்றது. பிறகு சுட்டது. கடையில் நேசமலர் கேட்காமல் விட்ட சத்தம் அது. இப்போது படம் இல்லை, முயல் இல்லை, நரி இல்லை. அந்தச் சத்தம் மட்டும் கட்டடம் முழுக்க நிறைந்து நின்றது.

ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. நேசமலருக்குப் பிறகு எவ்வளவோ நாள் நித்திரையைக் கெடுத்தது அதுதான். வாங்குகள் சரிந்தன. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்து, முழங்கையை நிலத்தில் ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தார்கள். மூன்று வயதுக் குஞ்சுகூட அப்படித்தான் கிடந்தது. அவள் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. கெலி வந்தால் இப்படிப் படுக்கவேண்டும், வாயைத் திறந்திருந்தால் வெடிச்சத்தத்தில் காது கிழியாது என்று ஒவ்வொரு வீட்டிலும் தாய் தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய கதவுக்கு உள்ளே வந்த நாளிலிருந்து அத்தனை பிள்ளைகளும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வாத்துப் பாட்டும் மயில் பாட்டும் பாடியிருக்கிறார்கள்.

நேசமலர் துவாயின் இரண்டு நுனியையும் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகுதான் கத்தினாள்.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் தம்பி!"

யோகநாதன் பாய்ந்து வந்து நிறுத்தினான். சொல்லாமலே கசெற்றையும் வெளியே இழுத்தான். "படத்தைக் காட்டியிருந்தால் முயலெண்டு தெரிஞ்சிருக்கும், ரீச்சர். இவ்வளவுக்குப் பயந்திருக்காதுகள்" என்று மெல்லச் சொன்னான்.

"துவாயும் பிழை, படமும் பிழை" என்றாள் நேசமலர். "இந்தப் பிள்ளையளுக்கு இப்ப இந்தப் படம் வேண்டாம். எனக்கு அது தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சுகொண்டும் கெட்டித்தனம் காட்டினனான். கொண்டு போங்கோ."

பிள்ளைகளிடம் திரும்பி, "ஒண்டுமில்லை, எழும்புங்கோ. படத்திலை வந்த சத்தம்தான்" என்றாள். ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி, எழும்பி உட்கார்ந்தார்கள். இருபத்தொரு பேர். சிவலட்சுமி மட்டும் எழும்பவில்லை. சரிந்த வாங்குக்குக் கீழே சுவரோடு ஒட்டிக் கிடந்து விம்மிக்கொண்டிருந்தாள். நேசமலர் கூப்பிட்டாள், கெஞ்சினாள். கையை நீட்டினால் பிள்ளை இன்னும் உள்ளே போனது.

அதற்குள் வடிவம்மா வந்துவிட்டாள். மிளகாய்த் தோட்டத்தில் அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. வானத்தைப் பார்த்தபடியே வாய்க்காலுக்குள் இறங்கி ஓடி வந்திருக்கிறாள். இடுப்புவரை நனைந்திருந்தது. வாசலில் நின்று ரிவியையும் துவாயையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"பிழை என்ரதான், வடிவம்மா. வாக்குத் தந்திட்டுப் பயப்படுத்திப்போட்டன்" என்றாள் நேசமலர். இதுநாள்வரை அவள் வாயிலிருந்து வராத சொல் அது. "இனி நீங்கள் அனுப்பாட்டிலும் நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

வடிவம்மா நிலத்தில் குந்தி வாங்குக்குக் கீழே பார்த்தாள். "லட்சுமி, வாடி வெளிய. வீட்டுக்குப் போவோம். அது நெசம் இல்லடி, படம். எதுக்கு அழுவுற?"

"எனக்குப் பயமில்ல" என்றது உள்ளேயிருந்து குரல். "நான் ஒழுங்காப் படுத்தேன். டீச்சர்தான் நின்னுக்கிட்டே இருந்தாங்க."

விம்மல் இன்னும் பெரிதானது.

"எல்லாரும் படுத்துட்டாங்க, டீச்சர் மட்டும் படுக்கவேயில்ல. சுட்டுருவாங்கல்ல? டீச்சருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையாம்மா?"

வடிவம்மா தலையைத் திருப்பி நேசமலரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நேசமலர் தாங்கியிருப்பாள். யோகநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

நேசமலர் துவாயைக் கீழே போட்டாள். இருபத்தொரு பிள்ளைகளும் தாயும் பார்த்துக்கொண்டிருக்க, சீமெந்துத் தரையில் முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, குப்புறப் படுத்தாள். கன்னம் தரையில் பட்டது. வாங்குக்குக் கீழே இரண்டு ஈரக் கண்கள் அவளை நேருக்கு நேராகப் பார்த்தன.

"எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, பிள்ளை" என்றாள். "நீர் சொல்லித் தாரும்."

சிவலட்சுமி மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தாள். ரீச்சரின் இரண்டு முழங்கைகளையும் பிடித்து இழுத்து நிலத்தில் சரியாக ஊன்றி வைத்தாள். கைகளை எடுத்துக் காதில் வைத்து அமுக்கினாள்.

"வாயத் தொறங்க" என்றாள்.

நேசமலர் வாயைத் திறந்தாள். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. அதைத் துடைக்கலாம் என்று ஒரு கையை எடுத்தாள்.

"கைய எடுக்கக் கூடாது டீச்சர்" என்று அதட்டினாள் சிவலட்சுமி. "நான் சொன்னப்புறம்தான் எந்திரிக்கணும்."

நேசமலர் கையைத் திரும்பவும் காதில் வைத்தாள். பிள்ளை எழும்பிப் போய், யன்னல் சாக்கை விலக்கி, வானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்க்கத் தொடங்கினாள்.