ஒரு தட்டு, இரண்டு பைகள்

மனைவியின் உயிருக்கு மாத வாடகை மூவாயிரம் என்றார்கள். பாத்திரக்கடைக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாக விலையை ஏற்றிப் பேரம் பேசினார்.

"நாலு இடமாக் குடும்மா. பன்னிரண்டாயிரம் தர்றேன்."

"ஒண்ணுதான் சார் காலி. அதுவே போதும்," என்றாள் ஆய்வகப் பெண்.

மறுநாள் மனைவிக்குக் கடுமையான மருந்து ஏறும். புற்றுநோயோடு எலும்பு மஜ்ஜையையும் அது துடைத்துவிடும். அதனால் அவள் ரத்தத்திலிருந்து முன்கூட்டியே எடுத்த, புது ரத்தம் உண்டாக்கும் குருத்தணுக்கள் உறைந்து காத்திருந்து, பிறகு அவளுக்கே திரும்ப வேண்டும். எடுத்ததோ தலையணை போல் உப்பிய ஒரு பை. உறைநிலைத் தொட்டியில் மிச்சமோ ஒரு புத்தகம் செருகுமளவு ஒற்றைத் தட்டு.

கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். அண்டாவுக்குள் குண்டா, குண்டாவுக்குள் சட்டி என்று அடுக்கியே முன்னுக்கு வந்தவர் அவர்.

"திணிக்கிற வித்தையை என்கிட்டயேவா காட்டறே? நசுங்கினதைப் புது மாடல்னு சொல்லி வித்தவன்மா நான்."

அவள் சிரித்துவிட்டாள். "திணிக்கல சார். இதுல பெரும்பங்கு வெறும் ரத்தநீர். மெஷின்ல சுழலவிட்டு அதை வடிச்சுட்டு, அணுவை எண்ணிப் பார்த்து, ரெண்டு மெல்லிசு பையாப் பிரிச்சு ஒரே தட்டுல வெப்பேன். ஒரு பையே ஒரு தடவைக்குப் போதும்."

"அப்புறம் ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு வேணும்ல?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவரிடம் இன்னொன்று இல்லை.

பக்கத்துச் சக்கர நாற்காலியிலிருந்து மனைவி பேசினாள். "என்னங்க, இருபது வருஷமா முக்கால் கட்டில்ல நீங்க புரள, கால் கட்டில்ல நான் படுக்கலையா? என் அணுவுக்கு மட்டும் ஒடுங்கத் தெரியாதா?"

கடைக்காரர் ஆய்வகப் பெண்ணிடமிருந்து படிவத்தை வாங்கினார். "ஒண்ணே போதும்மா," என்று கையெழுத்துப் போட்டார்.

மருந்து ஏறி முடிந்ததும் முதல் பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி அவள் உடம்பில் ஏற்றினார்கள். வாரங்கள் சென்று, ரத்த அணுக்களின் எண்ணிக்கை மெல்ல ஏற, அவள் வீடு திரும்பினாள்.

அன்றிரவு கட்டிலின் ஓரத்தில் ஸ்கேல் மாதிரி விறைத்துக் கிடந்தார் கடைக்காரர்.

"விழுந்துடப் போறீங்க. தள்ளிப் படுங்க."

"பேசாம தூங்கு. பாக்கியை அடைச்சுட்டிருக்கேன்."

உறைநிலைத் தொட்டியில் இருப்பு, ஒரு பை. தட்டு வாடகை, கட்டியாயிற்று. கட்டில் பாக்கி, இருபது வருஷத்துக்குக் கால் கட்டில். அன்று வரவு ஒரு ராத்திரி. முழுசாகத் தீர இன்னும் இருபது வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.